பனி சுரண்டிய இடமும் பனி கொட்டிய இடமும்: கனடாவில் பன்னிரண்டு நாள்

நாள் 1: டொரண்டோ – சட்பரி

தம்பி பதினாறு வருடமாக டொரண்டோ பக்கம் இருக்கிறான். நான் வந்து ஒரு வாரம் ஆனதும், "அக்கா, நயாகரா பார்த்தாச்சு, டவர் பார்த்தாச்சு. அடுத்து எங்க போகணும் சொல்லு" என்றான். "பாறை பார்க்கணும், சுரங்கம் பார்க்கணும்" என்றேன். அவனுக்கு அது விநோதமாகப் படவில்லை. நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில், மண்ணைத் தோண்டும் பக்கெட் வீல் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையை உதறினால் திண்ணையில் பழுப்புத் தூள் விழும். எனக்கு நிலவியல் ஆரம்பித்ததே அந்தத் தூளில்தான்.

அப்புறம் 1992இலிருந்து இருபத்தெட்டு வருடம் புவியியல் டீச்சர். கனடா பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் வரிசையாக எழுதுவேன்: நிக்கல், தாமிரம், தங்கம், யுரேனியம், பொட்டாஷ், எண்ணெய், கோதுமை, மரம். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், மதிப்பெண் வாங்குவார்கள். இவ்வளவும் ஏன் அந்தந்த இடத்தில் இருக்கிறது என்று நான் ஒழுங்காகச் சொல்லித் தந்ததே இல்லை. அந்த வருத்தத்தோடுதான் காரில் ஏறினேன். தம்பி இரண்டு வாரம் லீவு போட்டிருக்கிறான். ஆகஸ்ட் கடைசி.

டொரண்டோவைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் வரை வயலும் வீடுகளும்தான். போர்ட் செவர்ன் என்ற இடத்தில் நிலம் சட்டென்று மாறியது. சாலையின் இருபுறமும் வெடிவைத்துப் பிளந்த பாறைச் சுவர். இளஞ்சிவப்பு, சாம்பல், நடுவில் வெள்ளைக் கோடுகள். "நிறுத்துடா" என்றேன். அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தினான்.

கனடியக் கேடயம் என்று பாடத்தில் சொல்வோமே, மிகப் பழைய பாறை நிலம், அது இங்கே தொடங்குகிறது. நாட்டின் ஏறக்குறைய பாதி இதுதான். கனடாவின் மொத்தப் பரப்பு 99.8 லட்சம் சதுர கி.மீ.; இந்தியாவைப் போல மூன்று மடங்கு. இந்தக் கேடயத்தின் வடமேற்கு மூலையில், அகாஸ்டா ஆற்றுப் பக்கம் கிடைத்த பாறைக்கு வயது சுமார் 400 கோடி வருடம். பூமிக்கே 454 கோடிதான்.

ஓய்விடத்தில் கழிப்பறைக்குப் பின்னால் ஒரு பாறை, யானை முதுகு மாதிரி வழவழப்பாக இருந்தது. குனிந்து பார்த்தால் அதன் மேல் ஒரே திசையில் கீறல்கள். விரலை வைத்தேன். ஒரு கீறலில் சுண்டுவிரல் பாதி அமர்ந்தது. பனி போட்ட கீறல் அது. சுமார் 20,000 வருடத்துக்கு முன்பு இந்த நாட்டின் மேல் பல இடங்களில் 3 கி.மீ. வரை கனமான பனிப்பாளம் கிடந்தது. அது நகரும்போது அடியில் சிக்கிய கற்கள் பாறையை அரம் போட்டதுபோல் தேய்த்தன. இருந்த மண்ணையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டது. அதனால்தான் இங்கே பாறை வெளியே தெரிகிறது, பள்ளமெல்லாம் ஏரி ஆகிவிட்டது, உழுவதற்கு மண் இல்லை, ஆனால் கனிமம் கண்ணுக்குத் தெரிகிற ஆழத்தில் கிடக்கிறது.

நான் கரும்பலகையில் எழுதிய பட்டியலில் பாதிக்குக் காரணம் இந்தக் கீறல். வழித்த மண் எங்கே போனது என்பதை இனித்தான் பார்க்க வேண்டும்.

நாள் 2: சட்பரி

காலையில் பெரிய நிக்கல் காசைப் பார்த்தோம். 9 மீட்டர் உயரம், 1951இல் வந்த ஐந்து சென்ட் நாணயத்தின் வடிவம், 1964இல் வைத்தது. குழந்தைகள் அதன்கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதைவிட அது நிற்கிற மண்தான் முக்கியம்.

185 கோடி வருடத்துக்கு முன்பு ஒரு பெரிய விண்கல் இங்கே விழுந்தது. நிக்கல் அந்தக் கல்லோடு வந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். உண்மை அதுவல்ல. மோதிய சூட்டில் பூமியின் மேலோடு உருகி ஒரு குழம்புக் கடலே உண்டானது. அதில் கனமான நிக்கல், தாமிரக் கந்தகங்கள் பிரிந்து அடியில் படிந்தன. அந்தப் பள்ளம் பின்னால் நசுங்கி, இன்று 60 கி.மீ. நீளம், 30 கி.மீ. அகலத்தில் ஒரு முட்டை வடிவக் கிண்ணமாக இருக்கிறது. சுரங்கங்கள் அந்தக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி அமைந்திருக்கின்றன. கண்டுபிடித்தது 1883இல், ரயில் பாதை போடப் பாறையை உடைத்தபோது. அப்பல்லோ 16, 17 வீரர்கள் நிலவுக்குப் போகுமுன் விண்கல் மோதிய பாறை எப்படி இருக்கும் என்று கற்றுக்கொள்ள இங்கே வந்தார்கள்.

ஊரைச் சுற்றிப் பாறைகள் கறுப்பாக இருந்தன. நேற்றுப் பார்த்த அதே இளஞ்சிவப்புப் பாறைதான். மேலே கறுப்பு படிந்திருக்கிறது. ஆரம்ப காலத்தில் தாதுவை விறகின்மேல் குவித்துத் திறந்த வெளியில் மாதக்கணக்கில் எரித்தார்கள். கந்தகப் புகை அப்படியே நிலத்தில் இறங்கியது. மரம் செத்தது, மரம் போனதும் இருந்த கொஞ்ச மண்ணும் மழையில் போனது. பிறகு 1972இல் 381 மீட்டர் உயரத்தில் ஒரு புகைபோக்கி கட்டினார்கள். ஊருக்கு மூச்சு வந்தது, ஆனால் புகை வெகுதூரம் பரந்து போய் விழுந்தது. புகையையே குறைக்க வேண்டும் என்று சட்டம் நெருக்கிய பிறகுதான் நிலைமை மாறியது. கந்தகம் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்து, 2020இல் அந்தப் புகைபோக்கி ஓய்வு பெற்றது.

1978இலிருந்து ஊர்க்காரர்கள் செய்துவரும் வேலையைச் சொல்லாமல் விட முடியாது. கந்தகப் புகையால் அமிலம் ஏறிப் புளித்துப்போன மண்ணில் சுண்ணாம்புக் கல் தூளை மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து, பாறை இடுக்குகளில் கையால் தூவினார்கள். கோடை விடுமுறையில் மாணவர்களைச் சம்பளத்துக்கு வைத்துச் செய்த வேலை. அதன்மேல் புல், பிறகு பைன் கன்று. இதுவரை 1 கோடிக்கும் மேல் மரங்கள். மாலையில் அப்படி நட்ட ஒரு பைன் தோப்பில் நடந்தோம். மரத்தடியில் ஊசி இலைகள் மெத்தையாகக் கிடந்தன. அதை விலக்கினால் ஒரு விரற்கடை கறுப்பு மண், அதற்குக் கீழே இன்னும் கரையாத வெள்ளைச் சுண்ணாம்புத் துகள். கையில் எடுத்து முகர்ந்தேன். ஈர மண் வாசனை. நாற்பது வருடத்தில் மனிதர்கள் உண்டாக்கிய மண் அது, ஒரு விரற்கடை.

நாள் 3: சட்பரி – வாவா

நீண்ட நாள். மதியம் சூ செயின்ட் மேரி தாண்டியதும் இடதுபக்கம் சுப்பீரியர் ஏரி. ஏரி என்ற சொல் போதவில்லை. 82,100 சதுர கி.மீ.; இரண்டு கேரளாவை உள்ளே வைத்தாலும் இடம் மிச்சம். அதிகபட்ச ஆழம் 406 மீட்டர். அலை அடிக்கிறது, எதிர்க்கரை தெரியவில்லை. கையில் அள்ளிக் குடித்தால் உப்பு இல்லை. மெரினாவில் நின்று கடல் நீரைக் குடித்து இனித்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு திகைப்பு எனக்கு.

அகாவா பாறைக்கு இறங்கினோம். செங்குத்தான படிக்கட்டு, கடைசியில் ஏரியை ஒட்டி ஒரு சரிவான பாறை விளிம்பு. பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் செங்காவியால் வரைந்த ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. கொம்பு வைத்த பெரிய பூனை மாதிரி மிஷிபெஷு, நீரை ஆளும் தெய்வம். ஓர் அலை வந்து காலை நனைத்தது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்தக் காவி, இரும்புத் தாது. சுரங்க முதலாளிகள் வருவதற்கு எவ்வளவோ முன்னால் இந்தப் பாறையை அறிந்து பயன்படுத்தியவர்கள் இவர்கள். 1850இல் ராபின்சன் ஒப்பந்தங்கள் என்று இரண்டு போட்டு, ஹூரான், சுப்பீரியர் ஏரிகளின் வடபுற நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. நிலத்திலிருந்து வருமானம் பெருகினால் மக்களுக்குத் தரும் ஆண்டுத் தொகையும் பெருகும் என்று அதில் இருந்தது. 1875இல் தலைக்கு 4 டாலர் என்று வைத்தார்கள். அதோடு நின்றது. நிக்கலும் தங்கமும் மரமும் போய்க்கொண்டே இருக்க, ஒன்றரை நூற்றாண்டாக 4 டாலர். 2024இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அரசு வாக்கைக் காப்பாற்றவில்லை என்று கடுமையாகத் தீர்ப்பளித்தது. இயற்கை வளம் என்று பாடம் எடுக்கும்போது அந்த வளம் யார் காலடியில் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்.

நாள் 4: வாவா – தண்டர் பே

காலையிலிருந்து மழை. 480 கி.மீ.யில் ஒரு டயர் பஞ்சர், இரண்டு மூஸ் மான், மற்றபடி மரம். கறுப்பு ஸ்புரூஸ், ஜாக் பைன், மறுபடி ஸ்புரூஸ்.

பஞ்சர் ஒட்டக் காத்திருந்த நேரத்தில் ஒரு ஜாக் பைன் காய் பொறுக்கினேன். கல் மாதிரி இறுகியிருந்தது. செதில்களை மெழுகு போன்ற பிசின் ஒட்டி வைத்திருக்கிறது. நகத்தால் பிரிக்க முடியவில்லை. காட்டுத் தீயின் சூடு பட்டால் அந்தப் பிசின் உருகிக் காய் விரியும், விதை சாம்பலில் விழும். தீயை எதிர்பார்த்தே வளர்ந்த காடு. ஆனால் 2023இல் எரிந்தது 1.5 கோடி ஹெக்டேருக்கும் மேல், தமிழ்நாட்டைவிடப் பெரிய பரப்பு. ஒருமுறை எரிந்த இடம் மரம் காய்க்கும் வயது வருமுன் மறுபடி எரிந்தால் விழுவதற்கு விதை இருக்காது.

காரில் தம்பிக்கு ஒரு கதை சொன்னேன். கனடாவில் வைரம் கிடைத்த கதை. சார்லஸ் ஃபிப்கி என்ற நிலவியலாளரும் ஸ்டூவர்ட் புளூசன் என்பவரும் வடமேற்கு நிலப்பகுதியில் மண்ணைச் சலித்துக்கொண்டே போனார்கள். வைரம் இருக்கும் பாறையில் கார்னெட் என்ற கனிமத்தின் சில வகைத் துகள்களும் இருக்கும். பனிப்பாளம் அந்தத் துகள்களை வழிநெடுகச் சிந்திக்கொண்டு போயிருக்கிறது. எந்தத் திசையில் பனி போனதோ அதற்கு எதிர்த்திசையில், துகள் கூடக்கூட நடந்தார்கள். பல வருட நடை. 1991இல் லாக் டி கிரா ஏரிக்கரையில் வைரம் உறுதியானது. 1998இல் எகாட்டி சுரங்கம் திறந்தது. "எறும்பு போன வழியைப் பார்த்து சர்க்கரை டப்பாவைக் கண்டுபிடிச்ச மாதிரி" என்றான் தம்பி. என் வகுப்பில் அவன் இருந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

நாள் 5: தண்டர் பே – கெனோரா

தண்டர் பே துறைமுகத்தில் கான்கிரீட் கோபுரங்களாகத் தானியக் கிடங்குகள். மேற்கிலிருந்து ரயிலில் வரும் கோதுமை இங்கே கப்பல் ஏறி, பேரேரிகள் வழியாக, 1959இல் திறந்த செயின்ட் லாரன்ஸ் நீர்வழியில் அட்லாண்டிக் போகிறது. கண்டத்தின் நடுவில் ஒரு துறைமுகம்.

அங்கிருந்து வடமேற்கே ரெய்த் என்ற சிற்றூர் அருகே சாலையோரம் ஒரு பலகை. இதுவரை நீரெல்லாம் பேரேரிகளுக்குப் போனது. இந்த இடத்திலிருந்து ஓடைகள் எல்லாம் வடக்கே ஆர்க்டிக் கடலை நோக்கி ஓடுகின்றன என்று சொல்கிறது. பெரிய மலை ஏதுமில்லை. கொஞ்சம் மேடு, அவ்வளவுதான். மழை இன்னும் தூறிக்கொண்டிருந்தது. சாலையின் இந்தப் பக்கம் விழுந்த துளி கிழக்கே, அந்தப் பக்கம் விழுந்தது ஹட்சன் விரிகுடாவுக்கு.

ஹட்சன் விரிகுடாவைச் சுற்றியுள்ள நிலம் இன்னும் மேலே எழுந்துகொண்டிருக்கிறது, சில இடங்களில் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு. பனியின் பாரம் அழுத்தி வைத்திருந்த தரை, பாரம் போய்ப் பல ஆயிரம் வருடம் ஆகியும் இன்னும் நிமிர்ந்து முடியவில்லை. தலைச்சுமையை இறக்கி வைத்த பிறகும் கழுத்து உடனே நிமிராதே, அதுபோல.

நாள் 6: கெனோரா – வின்னிபெக்

குறைந்த தூரம், சீக்கிரம் சேர்ந்துவிட்டோம். பாறையும் மரமும் மெல்ல மெல்ல ஒதுங்கி, நிலம் தட்டையானது. எங்கள் வீட்டுக் கூடத்துத் தரைகூட இவ்வளவு சமமாக இருந்ததில்லை. காரணம், இது ஒரு ஏரியின் அடித்தளம். உருகிய பனியின் நீர் வடக்கே போக முடியாமல் தேங்கி அகசிஸ் என்ற ஏரி உண்டானது. இன்றைய பேரேரிகள் எல்லாம் சேர்ந்தாலும் அதன் அளவுக்கு வராது. வின்னிபெக் ஏரி அதன் மிச்சம். அதன் அடியில் படிந்த களிமண்ணைத்தான் இப்போது உழுகிறார்கள்.

பனி வழித்த மண் எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க ஆரம்பித்துவிட்டது.

நாள் 7: வின்னிபெக் – எஸ்டர்ஹாசி – ரெஜைனா

நேர் சாலையை விட்டு எஸ்டர்ஹாசிக்கு வளைத்துப் போனோம், வயலுக்கு உரமாகப் போடும் பொட்டாஷ் உப்புக்காக. வயலுக்கு நடுவே தொலைவில் வெளிறிய குன்றுகள். தாதுவிலிருந்து பிரித்துப் போட்ட உப்புக் குவியல்கள் அவை.

காப்பிக் கடையில் பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். என் அப்பாவும் சுரங்கத் தொழிலாளி என்று தம்பி சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கீழே ஏறக்குறைய ஒரு கி.மீ. ஆழம், கடும் குளிரிலும் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும், வண்டியில் மணிக்கணக்கில் போகலாம் என்றார். கிளம்பும்போது தன் வண்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வந்து கொடுத்தார். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரியது. ரோஜா நிறத்தில் கண்ணாடி போல் மினுக்கம், நடுவில் செங்கல் சிவப்பில் ஒரு கீற்று. "நக்கிப் பாருங்கள்" என்று சைகை காட்டினார். முதலில் உப்புக் கரித்தது, பிறகு நாக்கின் அடியில் கசந்தது. அந்தக் கசப்புதான் பொட்டாசியம்.

சுமார் 38 கோடி வருடத்துக்கு முன்பு, டெவோனியன் காலத்தில் இங்கே ஓர் ஆழமில்லாத கடல் இருந்தது. வெளிக்கடலோடு தொடர்பு குறைந்து, வெயிலில் காய்ந்து காய்ந்து உப்பாகப் படிந்தது. வேதாரண்யம் உப்பளம் ஒன்று ஆயிரம் கி.மீ. நீளத்துக்கு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 1943இல் எண்ணெய் தேடித் துளையிட்டபோது தற்செயலாகக் கிடைத்தது. எடுப்பது எளிதாக இருக்கவில்லை. உப்புக்கு மேலே பிளேர்மோர் என்ற நீர் நிறைந்த மணல் அடுக்கு. குழியை இறக்கினால் நீர் பீறிட்டு நிரப்பிவிடும். அதனால் அந்த அடுக்கையே குளிரூட்டி உறைய வைத்து, உறைந்த மணலைத் துளைத்து, இரும்பு வளையங்களால் சுவர் கட்டி இறங்கினார்கள். 1962இல் எஸ்டர்ஹாசியில் பொட்டாஷ் மேலே வந்தது. நெய்வேலியிலும் நிலக்கரிக்குக் கீழே நீர் அழுத்தம்தான் பெரிய தலைவலி. அங்கே இரவு பகலாக பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே தோண்டுகிறார்கள். இங்கே உறைய வைத்தார்கள்.

இன்று உலகத்துப் பொட்டாஷில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த சஸ்காச்சுவான் மாகாணத்திலிருந்து போகிறது. பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா ஏறக்குறைய முழுக்க இறக்குமதியை நம்பியிருக்கிறது. அனுப்பும் நாடுகளில் கனடாவும் ஒன்று. சீர்காழிப் பக்கம் பெரியப்பா வயலில், பூட்டை வரும் சமயத்தில் சிவப்புப் பொட்டாஷைக் கூடையில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு வீசுவார். உள்ளங்கை சிவந்துபோகும். அந்தச் சிவப்பும் இந்தக் கல்லின் சிவப்பும் ஒன்றே: இரும்பு ஆக்சைடு. பெரியப்பா இருந்திருந்தால் இந்தக் கல்லை அவர் கையில் வைத்திருப்பேன்.

நாள் 8: ரெஜைனா – கல்கேரி

760 கி.மீ. ஆனாலும் இன்றுதான் எனக்கு மிக முக்கியமான நாள்.

மூஸ் ஜா தாண்டி ஒரு வயலோரம் நிறுத்தினோம். அறுவடை நேரம். பெரிய அறுவடை இயந்திரம் தரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. பயிர் முழங்கால் உயரம்கூட இல்லை. உதிர்ந்து கிடந்த ஒரு காயை உரித்தால் பழுப்புத் தோல். அதையும் நகத்தால் கீறினால் உள்ளே செம்மஞ்சள். மைசூர் பருப்பு! உலகத்திலேயே இந்தப் பருப்பை அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு கனடா. 1970களில் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லிங்கார்ட் என்பவர் இந்த மண்ணுக்கு ஏற்ற ரகத்தை உருவாக்கியதிலிருந்து விரிந்த சாகுபடி. கொழும்பில் தினம் பருப்புக்கறி வைப்பவர்களுக்கும் இந்த வயலுக்கும் உறவு உண்டு.

வயலின் மூலையில் ஒரு கற்குவியல். ஆள் உயரம் இருக்கும். வயல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். நாங்கள் வண்டி பழுதாகி நிற்கிறோம் என்று நினைத்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் கல்லைப் பற்றிச் சொன்னார். குளிர்காலத்தில் மண் உறைந்து விரியும்போது கற்களை மேலே தள்ளுகிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் பொறுக்க வேண்டும். தாத்தா காலத்திலிருந்து பொறுக்குகிறார்கள், இன்னும் தீரவில்லை. பருப்புச் செடி குட்டை என்பதால் விதைத்தவுடன் உருளை போட்டு மிச்சக் கற்களை மண்ணுக்குள் அழுத்திவிடுவார்களாம், இல்லையென்றால் அறுக்கும் கத்தி உடைந்துவிடும்.

குவியலைச் சுற்றி வந்தேன். அதில் ஒரு கல். இளஞ்சிவப்பு, சாம்பல், நடுவே வெள்ளைக் கோடு. போர்ட் செவர்னில் பார்த்த அதே மாதிரி. இந்தச் சமவெளிக்கு அடியில் இருப்பது களிப்பாறையும் மணற்பாறையும். கிரானைட் இங்கே பிறக்க வழியே இல்லை. வடகிழக்கே கேடயத்திலிருந்து பெயர்த்து, பனி இதைச் சுமந்து வந்து இங்கே போட்டிருக்கிறது. அதோடு பொடித்த மண்ணையும். பிறகு பத்தாயிரம் வருடம் புல் வளர்ந்து, வேர் மக்கி, மேலே கறுத்தது. நம் கோவில்பட்டிக் கரிசலின் கறுப்புக்குக் காரணம் வேறு. இது புல்வேரின் கறுப்பு. அங்கே சுரண்டியதால் நிக்கல் வெளியே தெரிந்தது, இங்கே கொட்டியதால் கோதுமையும் பருப்பும் விளைகின்றன. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு முனைகள். இருபத்தெட்டு வருடம் நான் தனித்தனிப் பாடமாக நடத்தியது.

கல்லில் ஒரு சின்னச் சில்லை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். முழுக் குவியலையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சிரித்தார்.

இந்தத் தென்பகுதி வறண்ட பூமிதான். 1857–60இல் இங்கே வந்து ஆராய்ந்த ஜான் பாலிசர் இது விவசாயத்துக்கு ஆகாது என்று எழுதினார். பிறகு மழை நன்றாகப் பெய்த சில வருடங்களைப் பார்த்து ஜனங்களைக் குடியேற்றினார்கள். 1930களில் மழை பொய்த்தது, உழுது போட்ட மண் காற்றில் பறந்தது, குடும்பம் குடும்பமாக வீட்டை விட்டுப் போனார்கள். நேற்று சுரங்கப் பெரியவரும், இன்று இந்த விவசாயியும், பேச்சின் நடுவே வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அது நம் ஊர்ப் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

நாள் 9: கல்கேரி – கொலம்பியா பனிவெளி – ஜாஸ்பர்

ராக்கி மலைகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது. படங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. பனியாற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சாலையிலிருந்து அத்தபாஸ்கா பனியாற்றின் முனைக்கு நடைபாதை உண்டு. வழியில் வருடம் எழுதிய பலகைகள்: அந்த வருடம் பனி இதுவரை இருந்தது என்று. 1982 பலகையைத் தாண்டினேன். 1992. நான் வேலையில் சேர்ந்த வருடம். அந்தப் பலகையின் பக்கத்தில் நின்று மேலே பார்த்தால் பனி எங்கோ இருந்தது. ஒருபுறம் தம்பி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். நான் நடந்துகொண்டே இருந்தேன், வெறும் கல்லும் சரளையும்தான். என் ஒவ்வொரு வகுப்பும், ஒவ்வொரு தேர்வுத்தாளும் இந்தச் சரளையின் மேல் போன வருடங்களில் நடந்தவை. அத்தனை தூரமும் பனியாக இருந்த இடம். 1844இலிருந்து 1.5 கி.மீ.க்கு மேல் பின்வாங்கிவிட்டது. வருடத்துக்குச் சுமார் 5 மீட்டர் கனமும் குறைகிறது.

முனையில் கயிறு கட்டியிருந்தார்கள், அதற்குமேல் போகக்கூடாது. பனிக்கடியிலிருந்து ஓர் ஓடை, அரிசி கழுவிய நீர் நிறத்தில். கையை விட்டேன். குளிர் எலும்புவரை இறங்கியது. விரல்களைத் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்றது, நைஸாக அரைத்த மாவு போல. பாறை மாவு. முதல் நாள் ஓய்விடத்தில் பழைய கீறலாகப் பார்த்தேனே, அந்த வேலை இங்கே இந்த நிமிடமும் நடக்கிறது. லூயிஸ் ஏரி அப்படி ஒரு நீலப்பச்சையாக இருப்பதும் இந்த மாவு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான்.

இந்தப் பனிவெளியின் மேலே ஸ்னோ டோம் என்ற சிகரம். அங்கே விழும் பனி உருகி மூன்று கடலுக்குப் போகிறது: பசிபிக், ஆர்க்டிக், ஹட்சன் விரிகுடா. என் விரலில் பட்ட நீர் ஆர்க்டிக்குக்குப் போகிறது, அத்தபாஸ்கா நதியாக. அதன் கரையோடேதான் இனி நம் பயணம்.

நாள் 10: ஜாஸ்பர் – எட்மன்டன்

ஜாஸ்பரில் 2024 ஜூலையில் வந்த தீயில் ஊரின் கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. காலையில் நடந்தபோது ஒரு தெரு முழுதாக இருந்தது, அடுத்த தெருவில் அடித்தளங்கள் மட்டும். படம் எடுக்கவில்லை.

எட்மன்டனுக்குத் தெற்கே லெடூக் 1 எண்ணெய்க் கிணறு. 133 வறண்ட துளைகளுக்குப் பிறகு, 1947 பிப்ரவரி 13 அன்று எண்ணெய் வந்தது. டெவோனியன் கடலில் உண்டான பழைய பாறைக்குள் தேங்கியிருந்த எண்ணெய். நாக்கில் கசந்த அந்த உப்பின் காலம்தான் இதற்கும்.

நாள் 11, 12: ஃபோர்ட் மெக்மர்ரி

நேற்று இரவு களைப்பில் எழுதவில்லை, இரண்டு நாளையும் சேர்த்து எழுதுகிறேன். எட்மன்டனிலிருந்து வடக்கே 435 கி.மீ., ஒரே சாலை. இதே சாலையில்தான் 2016 மே மாதம் இருபுறமும் தீ எரிய ஊரே வெளியேறியது, சுமார் 88,000 பேர்.

எண்ணெய் மணல் அருங்காட்சியகத்தின் வாசலில் எனக்குத் தெரிந்த ஒரு முகம் நின்றது. பக்கெட் வீல் இயந்திரம். ஆரம்ப காலத்தில் இங்கே தார் போன்ற எண்ணெய் ஊறிய மணலை இதை வைத்துத்தான் தோண்டினார்கள். பிறகு 400 டன் லாரிகள் வந்துவிட்டன, இதை ஓய்வு கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். நானும் தம்பியும் பேசாமல் அதன்கீழ் நின்றோம். அவன் ஒரு பக்கெட்டின் பல்லைத் தடவிப் பார்த்தான். "அப்பா இதைப் பார்த்திருந்தா ஒரு நாள் முழுக்க நகர்ந்திருக்க மாட்டார்க்கா" என்றான்.

உள்ளே ஓர் இளம்பெண் ஜாடியில் கறுப்பு மணலைப் போட்டு வெந்நீர் ஊற்றிக் கலக்கிக் காட்டினாள். மேலே கறுப்பு நுரை, கீழே வெளுத்த மணல். 1920களில் கார்ல் கிளார்க் உருவாக்கிய முறை. ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சுமார் 2 டன் மணல். எண்ணெய் மணல் கிடக்கும் பரப்பு 1,42,000 சதுர கி.மீ., தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் பெரியது. அதில் மேலிருந்து தோண்டக்கூடியது சிறு பகுதிதான். மிச்சத்துக்கு நிலத்தடியில் நீராவி செலுத்தி, இளக்கி உறிஞ்சுகிறார்கள். நீராவிக்கு இயற்கை எரிவாயுவை எரிக்க வேண்டும். எண்ணெயை எடுக்கவே இவ்வளவு எரிக்க வேண்டியிருக்கிறது என்பதை ஜீரணிக்க எனக்கு நேரம் பிடித்தது.

மணல் கழுவிய நீர் பெரிய குளங்களில் நிற்கிறது. 2008இல் அப்படி ஒரு குளத்தில் இறங்கிய 1,600 வாத்துகள் செத்தன. பறவைகள் இறங்காமலிருக்க இப்போது வெடிச்சத்தம் எழுப்புகிறார்கள். சாலையில் நின்றால் கேட்கிறது, நம் ஊரில் சோளக்கொல்லையில் தகரம் தட்டுவதுபோல். தோண்டிய நிலம் நூற்றுக்கணக்கான சதுர கி.மீ.; முதன்முதலாக 2008இல் சீரமைத்ததாகச் சான்று பெற்றது 104 ஹெக்டேர். சட்பரியில் கையால் தூவி உண்டாக்கிய ஒரு விரற்கடை மண் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. நதியின் கீழ்ப்புறம் ஃபோர்ட் சிப்பேவியனில் கிரீ, டெனே, மேத்தி என்ற பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். மீனையும் குடிநீரையும் பற்றிப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலையால் பிழைக்கும் குடும்பங்களும் இதே ஊரில் ஆயிரக்கணக்கில். நெய்வேலியில் வளர்ந்த நான் எந்தப் பக்கத்தையும் வெளியாளாக நின்று பார்க்க முடியாது. ஆனால் தோண்டியவர்கள் மூடித் தர வேண்டும், அதுவும் தோண்டுகிற வேகத்திலேயே. இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

இன்று மாலை அத்தபாஸ்கா கரைக்கு இறங்கினோம். வெயில் பட்ட கரைச்சரிவிலிருந்து புதுத்தார் ரோட்டு வாசனை. எந்த இயந்திரமும் தொடாமல், எண்ணெய் தானாகவே கசிகிறது. கிரீ மக்கள் இதை ஸ்புரூஸ் பிசினோடு காய்ச்சிப் படகு ஒட்டுகளை அடைத்தார்கள். ஒரு கட்டியைப் பிட்டுப் பார்த்தேன். வெல்லம் போல் மெதுவாக இழுபட்டு அறுந்தது. விரல் நுனியெல்லாம் கறுப்பு.

நதியில் கையை விட்டுக் கழுவினேன். நீர் இங்கே பழுப்பு. குளிர் இல்லை. மூன்று நாள் முன்பு தொட்ட மாவு இதில் எங்காவது இருக்கும். எவ்வளவு தேய்த்தும் கறுப்பு போகவில்லை.

தம்பி காரிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்தான். நெய்வேலியில் புது ரோடு போட்ட நாளில் செருப்பில்லாமல் ஓடிவிட்டு வந்தால் அம்மா எங்கள் உள்ளங்காலுக்குத் தேய்ப்பாள். என் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்து, பழைய துணியால் துடைத்துவிட்டான். நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.